நாற்பது நாள் எண்ணெய் ஒறுத்தல்

மலேசியாவில் சிங்கப்பூரை ஒட்டிய ஜொகூர் மாநிலத்தில், கூலாயில் பழைய நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நான் காசாளர். பதினொரு வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து "எந்த பம்ப்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டபோது, தட்டிக்கு அந்தப் பக்கம் ஃபாதர் மெல்ல இருமினார். என் வாயில் "எந்த பம்ப்?" என்று வந்துவிட்டது. அவர் பெருந்தன்மையான மனிதர். காதில் விழாத மாதிரி இருந்துகொண்டார்.

தினம் பெட்ரோல் விற்கிறவள்தான், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததே இல்லை. டாங்கி லாரியில் வருகிறது, நிலத்தடித் தொட்டியில் இறங்குகிறது, குழாய் வழியாகக் காருக்குள் போகிறது. அதற்கு முந்தின கதை எனக்குத் தெரியாது. அதைச் சொன்னவர் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிம்பாங் ரெங்கத்திலிருந்து வாரம் ஒருமுறை மகளைப் பார்க்க வரும் ஒரு மலாய்க்காரர். கிழக்குக் கரையில் கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் மத்தியானம் பெரிய மழை. காருக்குப் போக முடியாமல் என் கவுண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். சும்மா நிற்கிறாரே என்று பேச்சுக் கொடுத்தேன். நாங்கள் பேசியது மலாயில்; அதில் ஐயா என்பதற்கு என்சிக்.

"என்சிக், கடலுக்கு அடியில இன்னும் எவ்வளவுதான் இருக்கும்?"

நான் விளையாட்டாகக் கேட்டேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"உங்க வீட்டுல பப்பாளி மரம் இருக்கா?" என்றார்.

இருக்கிறது என்றேன்.

"முதல்ல கைக்கு எட்டுற உயரத்துல காய்க்கும். நின்ன இடத்துலயே பறிக்கலாம். அப்புறம் மரம் வளந்துடும். பழம் சின்னதாகும், கொறையும். தொரட்டி வேணும். அப்புறம் ஏணி வேணும். மரம் திடீர்னு ஒரு நாள் நின்னு போகாது. ஆனா ஏணியில ஏறி இறங்குற களைப்புக்கு, அந்தப் பழத்தத் தின்னாலும் தெம்பு வராதுங்கிற ஒரு நாள் வரும். அன்னிக்கும் மரத்துல பழம் இருக்கும். நீங்கதான் விட்டுட்டுப் போயிடுவீங்க."

"அப்ப ரொம்பக் காய்க்கிற வருஷம் எதுன்னு எப்படித் தெரியும்?"

"அந்த வருஷத்துல தெரியாது. அதான் சங்கடமே. அது போனதுக்கு அப்புறம்தான் தெரியும். எண்ணெய்க்கும் அந்த மாதிரி ஒரு உச்சம் உண்டு. வந்துடுச்சுன்னு சிலர் சொல்றாங்க, இன்னும் இல்லன்னு சிலர் சொல்றாங்க. சண்டை போட்டுக்கிட்டே ஓட்டிக்கிட்டு இருக்கோம்."

மழை விட்டது. ஒரு பாக்கெட் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எதிரே நான்கு பம்பிலும் வண்டி நின்றது. சனிக்கிழமை என்பதால் மலிவான பெட்ரோலுக்காகச் சிங்கப்பூர்க் கார்களும் வந்திருந்தன. அதில் ஒருவர், இன்னும் நாலு சொட்டு உள்ளே போகட்டும் என்று காரைப் பின்பக்கமிருந்து ஆட்டிக்கொண்டிருந்தார். வழக்கமாக அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அன்று வரவில்லை.

வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. வாளி எண்ணெயில் செய்தது. பல் துலக்கும் பிரஷ் எண்ணெயில் செய்தது. ஷாம்பு, சுவரில் அடித்த சாயம், ஜன்னல் திரை, பீடத்தில் மாதா சொரூபத்துக்கு முன்னால் வைத்திருக்கும் ரோஜாப்பூ, எல்லாம் அதிலிருந்து வந்தவை. என் வீட்டுக்காரர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, நீங்க உக்காந்திருக்கிற சோபா எண்ணெய்ல செஞ்சது தெரியுமா?"

அவர் சட்டென்று எழுந்து கைலியின் பின்பக்கத்தைத் திருப்பிக் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்தார்.

அவர் பாலோ பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். நான் பப்பாளிக் கதையைச் சொல்லி முடித்ததும் அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, பின்னால் சாக்கடை தாண்டினால் செம்பனைதான். கண் போகும் தூரம் வரைக்கும் செம்பனைதான்.

"எண்ணெ தீந்து போவுமா? வெளிய பாரு லா. நான் தினம் மூணு நடை எண்ணெயத்தான் ஏத்திக்கிட்டு இருக்கேன்."

"அது வேற எண்ணெங்க."

"எண்ணெ எண்ணெதான்," என்று சொல்லிவிட்டு, சோபாவை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அது ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் நோன்பிருக்கும் தவக்காலம் தொடங்கும் நேரம். எங்கள் அன்பியத்தில், அதாவது எங்கள் தாமான் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழுவில், ஒரு வழக்கம் உண்டு. திருநீற்றுப் புதனுக்கு முந்தின கூட்டத்தில் ஒவ்வொருவரும் நாற்பது நாளைக்கு எதை ஒறுக்கப் போகிறோம், அதாவது விடப் போகிறோம் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அன்பியத் தலைவி ஓய்வு பெற்ற மருத்துவமனைத் தாதி. எல்லாரும் அவரை அக்கா என்போம். அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். எழுதிவிட்டால் தப்ப முடியாது.

ஒருவர் சர்க்கரைத் தண்ணியை விடுகிறேன் என்றார். ஒரு பெண் கைப்பேசியில் நாடகம் பார்ப்பதை விடுகிறேன் என்றாள். ஓர் அண்ணன் பீரை விடுகிறேன், சனி ஞாயிறு தவிர, என்றார். என் முறை வந்தது.

"நாப்பது நாளும் எண்ணெய விட்டுடலாம்னு இருக்கேன்."

தலைவி அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

"முழுசாவா?"

"முடிஞ்ச வரைக்கும்க்கா. எங்கயாவது தூரமாப் போறதா இருந்தா கொஞ்சம் சேத்துக்க வேண்டியிருக்கும்."

"வேல எடத்துல?"

"அங்கதான் கஷ்டம். நாள் பூரா அந்த வாசனையிலயே உக்காந்திருக்கணும்."

"ஒங்க வீட்டுக்காரரு?"

"அவரால முடியாதுக்கா. அது இல்லாம அவரு அசைய மாட்டாரு."

மூலையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். தலைவி அக்காவின் கண் கலங்கிவிட்டது.

"இத்தன வருஷத்துல இப்படி ஒரு ஒறுத்தல யாரும் சொன்னதில்ல. நாமளும் சேந்துக்கிட்டா என்ன?"

ஒருவர் பின் ஒருவராகக் கை தூக்கினார்கள். பதினாறு குடும்பம். என் வீட்டுக்காரருக்கு ஒரு மணி நேரம் விளக்கியும் புரியாத விஷயம் இவர்களுக்கு ஒரே வாக்கியத்தில் புரிந்துவிட்டதே, உலகம் நாம் நினைப்பதை விட வேகமாக விழித்துக்கொண்டிருக்கிறதே என்று மனம் பொங்கியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

எனக்கு ஒரு சைக்கிள் தேவைப்பட்டது. ஆரம்பப் பள்ளிக்குப் பிறகு நான் சைக்கிளைத் தொட்டதில்லை. இப்போது வயது ஐம்பத்தொன்று. என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பழைய சைக்கிள் ஒன்று வாங்கி வந்தார். முன்னால் கூடை, பின்னால் ஒரு சிவப்பு விளக்கு. தாமான் பூப்பந்து மைதானத்தில் மூன்று சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன். உடம்பு மறக்காது என்பார்கள். என் உடம்பு மறந்திருந்தது. ஓட்டுவது நினைவுக்கு வந்தது, நிறுத்துவதுதான் வரவில்லை. வேலிக்கம்பியைப் பிடித்துத்தான் நின்றேன்.

வீட்டிலிருந்து வேலைக்கு ஐந்து கிலோமீட்டர். காலையில் செனாய் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் வங்காளதேசத்து, நேப்பாளத்துத் தொழிலாளிகள்தான் அந்தச் சாலையில் சைக்கிளில் போகிறவர்கள். முதல் நாள் நான் அவர்கள் நடுவே போய்ச் சேர்ந்ததும் அவர்கள் எனக்காக வேகத்தைக் குறைத்தார்கள். ஒரு தம்பி பக்கத்தில் வந்து மலாயில் கேட்டான்.

"அக்கா, கார் ரோசாக்கா?"

கார் கெட்டுப்போகவில்லை என்றேன்.

"அப்ப அண்ணன் எடுத்துட்டுப் போயிட்டாரா?"

இல்லை, கார் வீட்டில்தான் இருக்கிறது என்றேன். அவன் சிறிது தூரம் யோசித்துக்கொண்டே மிதித்தான். பிறகு என்னைத் தனியே விடக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, நிலையம் வரைக்கும் கூடவே வந்துவிட்டுத் திரும்பிப் போனான்.

கேள்வி அவனோடு நிற்கவில்லை. ஜொகூரில் ஐம்பது வயதுத் தமிழ்ப் பெண் சைக்கிளில் வேலைக்குப் போனால் வீட்டில் ஏதோ விபரீதம் என்றுதான் அர்த்தம். ஒரு வாரத்துக்குள் என் நாத்தனார் பாலோவிலிருந்து போன் செய்தார்.

"அண்ணி, அண்ணனுக்கு வேல போயிடுச்சாமே. ஏன் எங்ககிட்ட சொல்லல?"

என் மகள் ஜொகூர் பாருவிலிருந்து அழைத்து, "அம்மா, அப்பாகூடச் சண்டையா?" என்றாள். விளக்கினேன். "டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிக்கலாமா?" என்றாள். என் வீட்டுக்காரர் எதிர் வீட்டுக்காரரிடம் தன் லைசென்ஸை எடுத்துக் காட்டி, அது பறிமுதலாகவில்லை என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று.

எனக்கு ஒரே ஓர் ஆச்சரியம். சேர்ந்து கை தூக்கிய பதினாறு குடும்பத்தில் வேறு யாரும் சைக்கிளில் வருவதாகத் தெரியவில்லை. இரண்டாம் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபத்துக்குத் தலைவி அக்கா காரில் வந்து இறங்கினார். மற்றவர்களும் ஆளுக்கொரு காரில் வந்து இறங்கினார்கள். மனிதர் பலவீனமானவர்கள், மெல்ல மெல்லத்தான் வருவார்கள் என்று பொறுத்துக்கொண்டேன். ஜெபம் முடிந்ததும் சாப்பாட்டு மேசையைப் பார்த்தேன். இட்லி, புட்டு, இடியப்பம், ஆவியில் வேகவைத்த மீன், அவித்த மரவள்ளி. தவக்காலம் அல்லவா என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரும் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். நானும் செய்தேன்.

"வியர்த்து வந்திருக்கியே, சைக்கிள் வேறயா?" என்றார் தலைவி அக்கா. "ஒரேயடியா ரெண்டையும் சேத்துப் பண்ணாதம்மா. உடம்பு தாங்காது."

எந்த இரண்டை என்று நான் கேட்கவில்லை.

இதற்கிடையே வேலையில் ஒரு சிக்கல். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. முழு டேங்க் என்று சொல்கிறவர்களிடம், "முழுசாவே வேணுமா? பக்கத்துலதான போறீங்க?" என்று கேட்க ஆரம்பித்திருந்தேன். ஒருவருக்குப் பப்பாளிக் கதையை முழுக்கச் சொன்னேன். அவருக்குப் பின்னால் ஏழு பேர் நின்றார்கள். ஏழாவது ஆள் முதலாளிக்குப் போன் செய்துவிட்டார்.

முதலாளி சீனர், அறுபதைத் தாண்டியவர். எல்லாரும் தவுக்கே என்போம். என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். வேலை போனது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"நீ பெட்ரோல் ஸ்டேஷன்ல உக்காந்துக்கிட்டு, பெட்ரோல் வாங்காதேன்னு சொல்றியாமே," என்றார்.

"வாங்காதேன்னு சொல்லல தவுக்கே. கொஞ்சமா வாங்குங்கன்னுதான்."

"ரொட்டிக் கடைக்காரன் ரொட்டியக் கொஞ்சமாத் தின்னுன்னு சொல்வானா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மலாய்க்காரர் சொன்னதா சொல்றியே. இன்னும் எத்தன வருஷமாம்?"

"அது யாருக்கும் தெரியாதாம்."

"என் மகன் இந்த ஸ்டேஷன எடுத்து நடத்துறேங்கிறான். நடத்தச் சொல்லவா, வேணாங்கவா?"

இதற்கு நான் என்ன சொல்வேன். என்னிடம் இதுவரை அவர் கேட்ட பெரிய கேள்வி, கழிவறைக்குச் சாவி எங்கே என்பதுதான். தெரியாது தவுக்கே என்றேன். அவர் எழுந்து கதவைத் திறந்தார். "கவுண்டர்ல கத சொல்லாத. எனக்கு ஏதாவது தெரிஞ்சா எங்கிட்ட சொல்லு," என்று அனுப்பி வைத்தார்.

மூன்றாம் வாரத்தில்தான் உண்மை தெரிந்தது. வேலை முடிந்து திரும்பும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கடைக்காரரின் தகப்பனார் ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து வந்தவர். இவரை எல்லாரும் பாய் என்போம். மாலையில் அவர் போடும் பருப்பு வடையும், மாவில் தோய்த்துப் பொரிக்கும் வாழைப்பழப் பொரியலும் எங்கள் வட்டாரத்தில் பிரசித்தம். நான் சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் கேட்டதும் அவர் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்காதீங்க. ஒங்க சாமியாரு எண்ணெய்க்குத் தட போட்டுட்டாரா?"

"இல்லையே பாய். ஏன்?"

"கோயிலு ஆளுங்க ஒருத்தரும் வடை வாங்க வர மாட்டேங்கிறாங்க. மூணு வாரமாச்சு. கேட்டா எண்ணெய விட்டுட்டோம்ங்கிறாங்க. யாரோ ஒரு பொம்பள ஆரம்பிச்சு வச்சதாம். ரொம்பப் பக்தியான பொம்பளையாம்."

ஆவியில் வெந்த மீன் கண் முன்னால் வந்தது. அவித்த மரவள்ளி வந்தது. "ஒரேயடியா ரெண்டையும் சேத்துப் பண்ணாத" என்றது வந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"பாய், நான் சொன்னது வண்டிக்கு ஊத்துற எண்ணெய."

"பெட்ரோலா?"

"பெட்ரோல்தான்."

"அலமாக். பெட்ரோல்னு சொல்லியிருக்கலாமே."

"நம்ம ஊருல யாரு பாய் பெட்ரோல்னு சொல்றா? எண்ணெ அடிக்கணும்னுதான சொல்றோம். மலாய்க்காரங்களும் மின்யாக்னுதான சொல்றாங்க. பதினோரு வருஷமா எண்ணெ எண்ணெனு கேட்டுக் கேட்டு எனக்கு வேற எண்ணெயே ஞாபகம் வரல."

பாய் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் ஒரு தட்டில் மூன்று வடை வைத்தார். நான் வடையை விடவே இல்லையே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் ஃபாதர், "நம் பங்கில் ஒரு சகோதரி" என்று ஆரம்பித்தார். நாவின் சுவையைச் சிலுவையில் அறைந்த சகோதரி என்றார். கோயில் முழுக்க என் பக்கம் திரும்பியது. என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பின்னால் இருந்தவர்கள் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் சொல்லிவிடலாம் என்று தலைவி அக்காவிடம் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரத்தப் பரிசோதனை செய்தாராம். கொழுப்பு இறங்கியிருக்கிறதாம். கிளினிக்கில் டாக்டர் என்ன செய்தீர்கள் என்று கேட்டாராம். "ஒன் பேரச் சொன்னேன்," என்றார். அதற்கு மேல் நான் எப்படி வாயைத் திறப்பது?

அந்த வாரம் முழுக்கச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கப் பாய் கடையிலும் நிறுத்தினேன். அவருக்கு நஷ்டம் வந்தது என்னால்தானே, அதை நான் ஒருத்தியாவது தின்று ஈடுகட்ட வேண்டாமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஐந்து கிலோமீட்டர் மிதித்தால் பசியும் எடுக்கத்தான் செய்யும். வியாழக்கிழமை சாயங்காலம். என் வாயில் ஒரு வாழைப்பழப் பொரியல், கையில் இன்னொன்று. கடை முன்னால் ஒரு கார் வந்து நின்றது. தலைவி அக்கா இறங்கினார். தேநீர் மட்டும் வாங்க வந்திருக்கிறார்.

அவர் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பாய் உள்ளே போய்விட்டார்.

"எத்தன நாளா?" என்றார் அக்கா.

"அக்கா, நான் வெளக்கிச் சொல்றேன்."

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லு," என்று திரும்பிப் போய்க் காரில் ஏறிவிட்டார். தேநீர்கூட வாங்கவில்லை.

மறுநாள் சிலுவைப்பாதை தலைவி அக்கா வீட்டில். பதினான்கு தலங்களையும் நான் உண்மையான மனஸ்தாபத்தோடு செய்தேன். முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது. நான் நடுவில் நின்று முதலிலிருந்து சொன்னேன். மழை, மலாய்க்காரர், பப்பாளி மரம், சோபா எல்லாவற்றையும் சொன்னேன். "நான் விட்டது காருக்கு ஊத்துற எண்ணெய. நீங்க விட்டது சமையல் எண்ணெய. தப்பு என்மேலதான்," என்று முடித்தேன்.

பீரை விட்ட அண்ணன்தான் முதலில் பேசினார்.

"அப்ப மூணரை வாரமா நான் பொரிச்ச கோழி சாப்பிடாதது காருக்காகவா?"

ஒரு பெண் சிரித்தாள். இன்னொருத்திக்குக் கோபம். ஏமாந்துவிட்டோம் என்றாள். தலைவி அக்கா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அப்போது மூலையிலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்தார். இருபத்தாறு வருடத்தில் கூட்டத்தில் அவர் பேசி நான் பார்த்ததில்லை.

"ஒரு நிமிஷம். நான் லாரி ஓட்டுறவன், எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்," என்றார். "மரத்துக்கு ஒரம் வருது, லாரியில. ஒரத்தையே கேஸ்லேருந்துதான் செய்றாங்களாம். இவ சொன்னப்பறம்தான் பாத்தேன். குலையத் தோட்டத்துலேருந்து ரோட்டுக்கு டிராக்டர் இழுக்குது, டீசல். அங்கேருந்து ஆலைக்கு நான் ஏத்துறேன், டீசல். ஆலையிலேருந்து எண்ணெய வேற லாரி எடுத்துட்டுப் போவுது, அதுவும் டீசல். பாக்கெட் பிளாஸ்டிக். கடைக்குக் கொண்டுவர வேன். அந்த ஒரு பாக்கெட் எண்ணெய்க்குள்ள இந்த எண்ணெயும் இருக்கு. நான் இவகிட்ட எண்ணெ எண்ணெதான்னு சொன்னப்ப சும்மாதான் சொன்னேன். ஆனா அது நெசம்தான் போல. நீங்க விட்டதும் அதத்தான்."

சொல்லிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாக அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே என் பேச்சை ஒரு வரி விடாமல் கேட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு கூட்டம் வேறு மாதிரி போயிற்று. எதெல்லாம் எண்ணெயில் செய்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். செருப்பு? ஆமாம். நாற்காலி? ஆமாம். ஒருவர் ஜெபமாலையைத் தூக்கிக் காட்டினார். மணிகள் பிளாஸ்டிக். ஆமாம். ஓரத்தில் இருந்த ஒரு மாமா வாயைத் திறந்து பல்செட்டைத் தொட்டுக் காட்டினார். அதுவும்தான் மாமா என்றேன். "அப்ப நான் நாப்பது நாளும் மெல்லவே கூடாதா?" என்று அவர் கேட்டதும் தலைவி அக்காவே சிரித்துவிட்டார்.

சிரித்து முடித்ததும் அவர் கேட்ட கேள்வி எல்லாருக்கும் இருந்த கேள்விதான். "பெட்ரோல் கெடைக்கலன்னா இங்க பாதிப் பேரு சிங்கப்பூருக்கு எப்படி வேலைக்குப் போறது? சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு? பஸ்ஸ நம்ப முடியுமா?" தாமானுக்கு வரும் பஸ் கடைசியாக எப்போது நேரத்துக்கு வந்தது என்று ஐந்து நிமிடம் விவாதித்தோம். அதற்கே முடிவு வரவில்லை. கடைசியில் முடிவானது ஒரே ஒரு சின்ன விஷயம்: கோயிலுக்கு மட்டுமாவது சேர்ந்து போவது. பதினாறு குடும்பம், ஐந்து கார். தலைவி அக்கா நோட்டைத் திறந்து புதுப் பக்கத்தில் எழுதினார். யார் எந்தக் காரில், எத்தனை மணிக்கு, யார் முன்சீட்டில்.

குருத்தோலை ஞாயிறு அன்று முதல் முறை அமலுக்கு வந்தது. எங்கள் காரில் ஆறு பேர். மடியில் குருத்தோலை. ஓட்டுகிறவர் காதுக்குள் ஓலை நுனி குத்திக்கொண்டே வந்தது. ஆனால் கோயில் வாசலில் வழக்கமாக நடக்கும் கார் நிறுத்தச் சண்டை அன்று எங்களால் இல்லை. ஃபாதர் வந்து கை குலுக்கினார். ஊர்வலம் கிளம்பியது. ஓசன்னா பாட வேண்டிய இடத்தில் பாட்டு எழும்பவில்லை. எங்கள் அன்பியத்தில் பாட்டை எடுத்துக் கொடுப்பது தலைவி அக்கா. அவர் எங்கே?

நாங்கள் ஐந்தாவது காரில் வருகிறார் என்று நினைத்தோம். ஐந்தாவது கார்க்காரர்கள் முதல் காரில் என்று நினைத்திருக்கிறார்கள். நோட்டில் எல்லார் பெயரையும் எழுதிய அக்கா, தன் பெயரை எந்தக் காரிலும் எழுதிக்கொள்ளவில்லை. போன் செய்தேன். அக்கா வீட்டு வாசலில் பட்டுச் சேலையில், குருத்தோலையோடு நின்றுகொண்டிருந்தார். சொந்தக் காரை மகன் எடுத்துப் போய்விட்டானாம்.

"முப்பத்தஞ்சு நிமிஷமா நிக்கிறேன். ஒன்னோட சைக்கிளயாவது இங்க விட்டுட்டுப் போயிருக்கலாமே," என்றார்.

என் வீட்டுக்காரர் போய் அழைத்து வந்தார். இரண்டாம் வாசகத்தின்போது வந்து சேர்ந்த அக்கா, யாரையும் பார்க்காமல் முன்வரிசையில் போய் உட்கார்ந்து, அடுத்த பாட்டை மிகவும் உரத்த குரலில் எடுத்தார்.

நாற்பது நாளில் நான் எண்ணெய் இல்லாமல் வேலைக்குப் போனது இருபத்தொன்பது நாள். மழையில் ஏழு நாள் தோற்றேன். முழங்கால் வலியில் மூன்று நாள். ஒரு நாள் வெறும் சோம்பல். ஃபாதரிடம் ஒப்புக்கொண்டபோது, சோம்பலுக்கு மட்டும் பரிகாரம் கொடுத்தார். ஈஸ்டர் அன்று சாயங்காலம் பாய் வடைக்கு நீண்ட வரிசை. தலைவி அக்கா ஒரே ஒரு வடை வாங்கினார். கொழுப்பு இன்னும் இறங்க வேண்டுமாம்.

கார் பகிர்வு இன்றும் நடக்கிறது. சண்டையோடுதான் நடக்கிறது. செனாயில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மூன்று பெண்கள், வருடக்கணக்காக மூன்று காரில் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தவர்கள், இப்போது ஒரே காரில் போகிறார்கள். நான் வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளில் போகிறேன். நாத்தனாருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. இதனால் உலகத்து எண்ணெய் எவ்வளவு மிச்சமாயிற்று என்று கேட்டால், பம்ப் வாயில் கடைசியாகத் தொங்கும் சொட்டு அளவுக்கு இருக்கலாம்.

ஈஸ்டர் முடிந்த வாரம் ஒரு காலை வேளையில், நிலையத்துக்குள் சத்தமே இல்லாமல் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. சத்தம் இல்லாததால்தான் நான் நிமிர்ந்து பார்த்தேன். மின்சாரத்தில் ஓடுவது. தலைக்கவசம் போட்ட ஒரு பெண் இறங்கி, நேரே காற்றுக் குழாய்க்குப் போய் இரண்டு டயருக்கும் காற்று அடித்தாள். எங்களிடம் காற்று இலவசம். தவுக்கே அலுவலகத்திலிருந்து வெளியே வந்து அவளருகே நின்றார். கண்ணாடி ஜன்னல் திறந்திருந்ததால் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"இது எவ்வளவு தூரம் ஓடும்?" என்றார் தவுக்கே.

"சிம்பாங் ரெங்கம் வரைக்கும் போயிருக்கேன், அங்கிள்."

"திரும்பி வர?"

"அப்பா லாரி கொண்டாந்து ஏத்திட்டு வந்தாரு," என்றாள் அவள்.

தவுக்கே தலையை ஆட்டினார். நன்றாகத் திருப்தியான மாதிரி இருந்தது அவர் முகம். உள்ளே வந்து, "பெட்ரோலுக்கு இன்னும் கொஞ்ச நாளு இருக்கு," என்று என்னிடம் சொல்லிவிட்டு, மகனுக்குப் போன் போட்டார்.